இடப்பக்கத்து பிரேக்

இப்போது சொல்லலாம். கேட்டு மனசு நோக அந்த வீட்டில் ஆள் இல்லை. கதவில் வேறு பெயர்ப் பலகை வந்துவிட்டது. கீழே அவர்கள் கார் நின்ற இடத்தில் புதுக் குடித்தனக்காரரின் வண்டி, ஓட்ட ஆளே வேண்டாத ரகம், சுவரிலிருந்து வரும் சார்ஜர் ஒயரை வாயில் கவ்விக்கொண்டு சமர்த்தாக நிற்கிறது.

என் பால்கனி பார்க்கிங்குக்கு நேர் மேலே, முதல் மாடி. வடவள்ளியில் இந்த அடுக்குமாடி கட்டிய நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். யார் வீட்டுக்கு யார் வந்தார், கையில் என்ன பை, திரும்பும்போது முகம் எந்த லட்சணத்தில் இருந்தது, எதுவும் எனக்குத் தப்பாது. இதை என் வீட்டுக்காரர் வேவு என்பார். நான் அக்கறை என்பேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும், "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பவரும் அதே மனுஷர்தான்.

எழுபது தாண்டியவர்கள் தொடர்ந்து கார் ஓட்ட வேண்டுமானால் வண்டிக்குள் இரண்டு கண் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்த வருஷம் நடந்தது இது. கண் என்றால் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒன்று கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒன்று காலடியில். ஒரு மாதம் கூடவே வரும். ஓட்டுகிறவர் எங்கே பார்க்கிறார், பார்த்த பிறகு கால் எப்போது நகர்கிறது, கை எப்போது திரும்புகிறது, எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளும். திட்டாது, பாராட்டாது, பேசவே பேசாது. மாதக் கடைசியில் தீர்ப்பு மட்டும் வரும்: ஓட்டலாம், அல்லது ஓட்டக் கூடாது. அரசாங்கம் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருந்தது. கோயமுத்தூர் முழுக்க அதை மாமியார் என்றுதான் கூப்பிட்டது.

"உங்க வண்டிக்கு மாமியார் வந்தாச்சுங்களா?"

"வந்தாச்சுங்க. இன்னும் வாயைத் தொறக்கல."

தானாக ஓடும் கார்தான் வந்துவிட்டதே, கிழவர்கள் எதற்கு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தக் கார்கள் அவிநாசி ரோட்டில் மகாராஜா மாதிரி போகும். எங்கள் சந்துக்குள் ஓர் எருமை படுத்திருந்தால், அதுவாக மனசு வைத்து எழும்வரை மரியாதையாகப் பின்னால் நிற்கும். தவிர, சிலருக்குக் கார் என்பது போய்ச் சேருவதற்கு மட்டும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் அந்த வருஷம் மாமியார் வந்தது குழந்தைவேல் அண்ணன் காருக்கு. பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, அமைதி, சீட்டாட்டத்தில் மட்டும் பேய். எவன் எந்தச் சீட்டைக் கீழே விட்டான் என்பதைப் போன வாரத்து ஆட்டத்துக்குக்கூடச் சொல்வார். அதனால் சீட்டாட்டக் கூட்டாளிகள் அவரை மதித்தார்கள். விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது.

அவர் சம்சாரம் இந்திராணி அக்கா. குரல் கேட்டால் லிஃப்டே ஒரு மாடி முன்னால் நின்றுவிடும். சாய்பாபா காலனியில் இந்திராணி மகளிர் டிரைவிங் ஸ்கூல் என்று ஒன்று இருந்தது. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அக்காதான். ஸ்கூல் காரில் சொல்லித்தருகிறவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெலவெலக்கும் யாரிடமும் அக்கா சொல்லும் முதல் வார்த்தை ஒன்றேதான்: "பயப்படாதீங்க. எம்பக்கமும் ஒரு பிரேக் இருக்கு." என்னிடமும் சொன்னார். நான் அன்றைக்கே ஓர் இளநீர் வண்டியைக் குறிவைத்துப் போனேன். அந்த பிரேக் இல்லையென்றால் இளநீர்க்காரர் எப்போதோ மாலை போட்ட படமாகியிருப்பார். அத்தோடு என் டிரைவிங் ஆசையும் முடிந்தது.

மகளிர் ஸ்கூலில் சேர்ந்த ஒரே ஆண்பிள்ளை குழந்தைவேல் அண்ணன்தான். "வெளிய மாட்டியிருக்கற போர்டு படிக்கத் தெரியாதுங்களா?" என்று அக்கா கேட்டாராம். "படிச்சுட்டுத்தானுங்க உள்ள வந்தேன்" என்றாராம் இவர். அதற்குமேல் அந்தக் கல்யாணத்துக்குத் தரகர் எதற்கு?

வயதான காலத்தில் சர்க்கரை அக்காவின் கண்ணைத் தொட்டது. யாரும் சொல்வதற்கு முன்னால் தானே போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "கண்ணு சரியில்லாதவ ரோட்டுல இருக்கக் கூடாது" என்றார், அதே லிஃப்டை நிறுத்தும் குரலில். ஸ்கூலை மூடினார்கள். ஸ்கூல் காரை மட்டும் விற்கவில்லை. அன்றிலிருந்து ஓட்டுவது அண்ணன், ஓட்ட வைப்பது அக்கா.

சாயங்காலம் ஆனால் அது ஒரு சடங்கு. அக்கா இடப்பக்கம் ஏறி, சேலையை ஒதுக்கி, கால் அந்த பிரேக்கைத் தேடும். "நியூட்ரல் பாத்தீங்களா? மிர்ரர்? மிர்ரரைப் பார்க்கச் சொன்னா அதுல உங்க மூஞ்சியைப் பார்க்கறீங்க." அண்ணன், "சரிங்க டீச்சர்" என்பார். வண்டி நகரும். திரும்பி வரும்வரை நானும் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அவ்வளவு துணி கிடையாது.

மாமியார் வந்த புதிதில் நான் ஒருநாள் அவர்களோடு காந்திபுரம் போக வேண்டியிருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து என் தங்கையிடம் போனில் ஒரு முக்கியமான விவாகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். லாலி ரோடு சிக்னலில் அக்கா ஏதோ அதட்டியது காதில் விழுந்தது, என்னவென்று கவனிக்கவில்லை. விவாகரத்து அப்படி. நிமிர்ந்து பார்த்தால் தடாகம் ரோட்டில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறோம். ஆர்.எஸ்.புரமும் இல்லை, காந்திபுரமும் இல்லை, செங்கல் லாரிகள்.

"எங்க வந்து நிக்கறீங்க?" அக்கா கத்தினார். "எத்தனை வருஷமா ஓட்டறீங்க, ரோடு தெரியாதா? தமயந்தி என்ன நினைப்பா?"

"மறந்துட்டேன் இந்திரா" என்றார் அண்ணன்.

காலியான ரோட்டில் அவர் திடீரென்று பிரேக் வேறு போட்டார். முன்னால் ஒரு காக்கைகூட இல்லை. என் போன் பறந்து கீழே விழுந்தது. தங்கை அந்தரத்தில் "ஹலோ, ஹலோ" என்றாள்.

தமயந்தி, அதாவது நான், என்ன நினைத்தேன் என்பது அடுத்த நாள் காலைக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. குழந்தைவேல் அண்ணனுக்கு நட்டு கழன்றுகொண்டிருக்கிறது, பாவம் அந்தக்கா. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மாமியார் மாதக் கடைசியில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் சந்தேகமில்லை.

தீர்ப்பு சொல்ல வீட்டுக்கு ஓர் அதிகாரி வருவார். அப்போது அக்கம்பக்கத்தார் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி. வயசானவரை யாரும் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாதாம். யார் போகிறீர்கள் என்று சங்கத்தில் கேட்டு முடிப்பதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன்.

வந்தவள் சின்னப் பெண். ஷமீனா என்று பெயர். கையில் ஒரு டேப்லெட், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. அக்கா அவளைப் பார்த்ததும் எழுந்து போய்த் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எட்டு போடறதுக்குப் பயந்துட்டு வந்திருக்கியா கண்ணு? முதல் தடவை எல்லாரும் கோட்டுல ஏத்தத்தான் செய்வாங்க. நாளைக்கு வெள்ளனே வா, பாத்துக்கலாம்."

அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன், அக்காவுக்கு எப்போதும் கிண்டல் ஜாஸ்தி என்று. அண்ணன் சிரிக்கவில்லை. "டீச்சர், முன் டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருந்துச்சு. சித்த பார்த்துட்டு வர்றியா?" என்றார். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு ராணுவ நடையில் கீழே போனார்.

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தாள்.

"சார், இந்த மெஷின் தப்பைப் பார்க்கறதில்ல. தப்பு எல்லாரும் பண்றதுதான். கண்ணு ஒண்ணைப் பார்த்ததுக்கும், கையும் காலும் அதைச் செய்யறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். வயசாக ஆக அது நீளும். இது அதைத்தான் பார்க்குது."

"எனக்கு நீண்டுருச்சா கண்ணு?"

"அதான் எனக்குப் புரியல. ஒரு நாள் உங்க வண்டிக்குக் குறுக்க ஒரு நாய் ஓடுச்சு. உங்க கால் போன வேகத்துக்கு, நானே அப்படி பிரேக் போட மாட்டேன். ஆனா ஆளே இல்லாத ரோட்டுல சும்மா சும்மா பிரேக் போடறீங்க. நேரா போக வேண்டிய இடத்துல திரும்பறீங்க. தெரிஞ்சும் தப்பாச் செய்யறதை மெஷின் ரொம்ப மோசமா எடுத்துக்கும். மூளை ஒண்ணு சொல்லி, கை வேற ஒண்ணு செஞ்சா, அது நோயோட அறிகுறின்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஓட்டக் கூடாதுன்னு வந்திருக்கு."

"மறதிதான் கண்ணு. வயசாச்சுல்ல."

"நான் மறதிக்காரங்களைத் தினமும் பார்க்கறேன் சார். அவங்க கண்ணு அலையும். உங்க கண்ணு அலையல." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். அண்ணனுடைய முகம், கார் கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது. "இது லாலி ரோடு சிக்னல். பாருங்க, முதல்ல நேரா, ஆர்.எஸ்.புரம் போற ரோட்டைப் பார்க்கறீங்க. சரியான ரோடு. அப்புறம் அம்மாவைப் பார்க்கறீங்க. அப்புறம் இடது பக்கம் திரும்பறீங்க. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதான்."

மாமியாருக்குக் குரல் கேட்க அனுமதி இல்லை. எனக்கு உண்டு. அந்தச் சிக்னலில் அக்கா அதட்டியது "இடது! இடதுன்னு சொல்றேன்ல!" என்றுதான் என்பது, இவ்வளவு நாள் கழித்து அந்த நிமிஷம்தான் என் காதில் விழுந்தது.

"இன்னொண்ணு" என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கியிருந்தது. "காலடியில வெச்ச கண்ணுல ஓரமா அம்மாவோட காலும் விழுது. அம்மா அவங்க பக்கத்து பெடலை அழுத்தினதும் உங்க கால் பிரேக்கை அழுத்துது. அந்தப் பெடல்ல ஒயரே இல்லைன்னு மெஷினை மாட்ட வந்த மெக்கானிக் சொன்னாரு."

அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்கூலை மூடினப்புறம் வண்டியில ஒரு பிரேக்தான் இருக்கணும்னு சட்டத்துல சொன்னாங்க. ஒயரைக் கழட்டிட்டேன். பெடலைக் கழட்ட மனசு வரல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ மிதிக்கறா. வண்டி நிக்குது. அவளுக்கு அது போதும்."

"எவ்வளவு நாளா சார் இப்படி?"

"வீட்டுக்குள்ள உப்பு டப்பாவைக் கையில வெச்சுட்டு, இது எதுக்குன்னு நின்னுட்டிருக்கா. பக்கத்து வீட்டு ஆளைப் பார்த்துக் கும்பிடறா, யாருன்னு தெரியாம. கார்ல ஏத்தினா போதும், பழைய இந்திராணி. கிளட்ச்சுங்கறா, மிர்ரருங்கறா, என்னை வறுத்தெடுக்கறா. என்னைத் திட்டற அந்த நேரம் மட்டும்தான் கண்ணு அவ முழுசா இருக்கா. வழி மட்டும் மாறிப் போகுது."

"திருத்தலாமே சார்?"

"ஒருக்கா திருத்தினேன். அப்ப அவ மூஞ்சியைப் பார்த்தேன். மறுக்கா திருத்தல."

அந்தப் பெண் டேப்லெட்டை மூடினாள். "ஒண்ணு பண்ணலாம். தப்பு ஓட்டினவர் மேல இல்ல, பக்கத்துல வழி சொன்னவங்க மேலன்னு நான் போட்டா, உங்க லைசென்ஸ் நிக்கும். ஆனா அப்படிப் போட்டா அம்மாவுக்குப் பரிசோதனை வெச்சே ஆகணும். முடிவு நேரா அவங்ககிட்டதான் சொல்லுவாங்க. நோய் இருக்கறவங்ககிட்ட நோயை மறைக்கக் கூடாதுங்கறது சட்டம். கையில வளையம் ஒண்ணு மாட்டுவாங்க, வழி தவறினா கண்டுபிடிக்க."

"நல்ல சட்டந்தான்" என்றார் அண்ணன்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "அண்ணா, அக்கா தைரியசாலி. கண்ணு போனப்ப தானா லைசென்ஸைக் கொடுத்துட்டு வந்தவங்க. இதையும் தாங்கிக்குவாங்க" என்றேன்.

"கண்ணு போனப்ப அவகிட்ட மனசு இருந்துச்சு அம்மிணி. அதை வெச்சுத் தாங்கிக்கிட்டா. இப்பப் போறதே அதுதான். எதை வெச்சுத் தாங்குவா?" அவர் குரல் உயரவே இல்லை. "அவளை எனக்குத் தெரியும். இது தெரிஞ்சா அப்புறம் அந்தச் சீட்டுல ஏறவே மாட்டா. ரோட்டுல இருக்கக் கூடாதவ நான்னு சொல்லிட்டு உள்ள போய் உட்கார்ந்துக்குவா. அப்புறம் லைசென்ஸை வெச்சு நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?"

கீழே அக்கா டயரை உதைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மறதி எனக்குத்தான் கண்ணு. அப்படியே இருக்கட்டும்."

"சார், அப்ப வளையம் உங்க கையில மாட்டுவாங்க. பேங்க்ல உங்க கையெழுத்து செல்லாது. டாக்டர் வேற வந்து கேள்வி கேட்பாரு."

"தப்புத் தப்பாப் பதில் சொல்றதுக்குப் பெரிய படிப்பா வேணும்?"

"உங்களுக்குக் காப்பாளர்னு ஒருத்தரைப் போடுவாங்க. சட்டப்படி அது அம்மாதான்."

அதற்கு அவர் சிரித்துவிட்டார். "அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அந்தப் பெண் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அதிகாரிகள் அழக் கூடாது போலிருக்கிறது. மருதமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ அது இன்றைக்குத்தான் அங்கே வந்தது மாதிரி.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தமயந்தி, நீங்க எனக்கொரு உபகாரம் பண்ணோணும்."

என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இந்த வயசுக்குள் 'வெளியே சொல்லாதீங்க' என்பதை நான் கேட்காத வீடு இல்லை. "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணா" என்று முந்திக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றார்.

"ஆங்?"

"எல்லாத்துகிட்டயும் சொல்லுங்க. எனக்குப் புத்தி மங்கிருச்சு, அவதான் என்னைப் பார்த்துக்கறான்னு. உங்களைவிட இதுக்கு ஆள் கிடையாது. நீங்க சொன்னா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. அவ எதையாவது மறந்து நின்னாக்கூட, புருசன் கவலையில இருக்கான்னு விட்டுருவாங்க."

என் வாழ்க்கையில் என் வாயை நம்பி ஒருத்தர் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

நான் அதை நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன். பால் வாங்கப் போன இடத்தில், கோயிலில், சங்கக் கூட்டத்தில். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் பெருமூச்சு விட்டு. அண்ணன் தன் பங்கைச் செய்தார். ஆள் பார்க்கும்போது லிஃப்டில் தப்பான மாடியை அழுத்தினார். வாட்ச்மேன் கையைப் பிடித்து அழைத்துப்போய் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "இது நம்ம வீடுங்கய்யா" என்று காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துவான். "அப்படீங்களா, ரொம்ப சந்தோஷம்" என்பார். பார்க்க எனக்குச் சிரிப்பு வரும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சீட்டாட்டம்தான் அவரை ரொம்பப் படுத்தியது. கூட்டாளிகள் இப்போது அவரிடம் அன்பாக இருந்தார்கள். வேண்டுமென்றே தோற்றார்கள். அவரும் வேண்டுமென்றே தோற்றார். இப்படி யாரும் ஜெயிக்காத ஆட்டம் ஒன்று அங்கே நடந்தது. ஒருநாள் கையிலிருந்த ஜோக்கரையே கீழே போட்டாராம். கூட்டாளி ஒருவர் அழுதுவிட்டாராம். அதற்கப்புறம் அவர் ஆடப் போகவில்லை.

அக்காவோ நிமிர்ந்துவிட்டார். காப்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வளையம் போட்ட புருஷனைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார். பேங்கில் அவருக்குப் பதில் இவர் கையெழுத்து. எங்கே போட வேண்டும் என்று அண்ணன் விரலை வைத்துக் காட்டுவார், கோட்டைத் தடவுகிற மாதிரி. என்னை மாடிப்படியில் நிறுத்தி அக்கா ரகசியமாகச் சொன்னார்: "பாவம் தமயந்தி, அவருக்கு வழியெல்லாம் போயிருச்சு. நான் மட்டும் இல்லைன்னா வீடு வந்து சேர மாட்டார்."

"நீங்க இருக்கீங்களே அக்கா" என்றேன்.

காரை விற்கவில்லை. இலாகாக்காரர்கள் வந்து மாமியாரைக் கழற்றிக்கொண்டு, வண்டி கிளம்பாதபடி எதையோ பிடுங்கிக்கொண்டும் போனார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் பழையபடி இறங்கி வந்தார்கள். நின்ற காரில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஒரே இடத்துல உட்கார்ந்தாவது வழியைச் சொல்லிக் கொடுக்கறேன். கொஞ்சமாவது ஞாபகத்துல நிக்கட்டும்" என்றார் அக்கா.

அதுவும் நடந்தது. அக்கா வழி சொல்வார். அண்ணன் நகராத காரின் ஸ்டியரிங்கைத் திருப்புவார். வேளாண் பல்கலைக்கழகம், லாலி ரோடு, இடது. எப்போதும் இடது. நான் பால்கனியிலிருந்து பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் துணியை எறிந்துவிட்டு இறங்கிப் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொள்ள ஆரம்பித்தேன். "எங்க இறக்கிவிடணும் தமயந்தி?" என்று அக்கா கேட்பார். "காந்திபுரம்" என்பேன். ஒருநாளும் காந்திபுரம் வந்ததில்லை.

நாளாக ஆக, கார் நிற்கிறது என்பதும் அக்காவுக்கு மறந்தது. "ஏனுங்க, இன்னும் இங்கயே இருக்கோம்?" என்பார். "சிக்னல் விழ மாட்டேங்குது டீச்சர்" என்பார் அண்ணன். அக்கா பொறுமையாகக் காத்திருப்பார். சிக்னலை மதிப்பவர் அவர். பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து என்னைக் கும்பிட ஆரம்பித்தார். நானும் கும்பிட்டேன்.

தை மாதத்துக் குளிர் சாயங்காலம் ஒன்றில் நான் ஏறியபோது, அக்கா இடப்பக்கத்தில் நேராக உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இருந்த அண்ணனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அதை இறுகப் பிடித்திருந்தது. குளிராக இருக்கலாம்.

"புதுசுங்களா?" என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேட்கறேன். வெளிய மாட்டியிருக்கற போர்டு படிக்கத் தெரியாதுங்களா?"

நிமிர்ந்து உட்கார்ந்து, "படிச்சுட்டுத்தானுங்க உள்ள வந்தேன்" என்றார் அண்ணன்.

அக்காவின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வராதது மாதிரி போனது. "பேரு?"

"குழந்தைவேலுங்க."

"கையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாதுங்க குழந்தைவேல். ஸ்டியரிங் எங்கயும் ஓடிப்போயிராது." சேலையை ஒதுக்கினார். கால் தேடிப் போய், ஒயர் இல்லாத அந்தப் பெடலின் மேல் உட்கார்ந்தது. "பயப்படாதீங்க. எம்பக்கமும் ஒரு பிரேக் இருக்கு."

"சரிங்க டீச்சர்" என்றார் அவர். முகத்தை எனக்குக் காட்டவில்லை. கண்ணாடியில் தெரிந்தது; நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடிக்காரி காய்கறிப் பையோடு நின்று அந்தப் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கார்ல என்னமோ பேச்சு நடக்குது? அந்தம்மா அவரைப் பேரெல்லாம் கேட்கறாப்பல இருந்துச்சே?"

"அதை ஏன் கேட்கற போ" என்று அவள் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டேன். "அவருக்குத் தன் பேரே மறந்துபோச்சு. அந்தக்காதான் பக்கத்துல உட்கார்ந்து, பேரு என்ன, பேரு என்னன்னு கேட்டுக் கேட்டுச் சொல்ல வெச்சுட்டிருக்காங்க."

"ஐயோ பாவமே" என்றாள்.

"இன்னிக்குச் சரியாச் சொல்லிட்டாரு" என்றேன்.